பெர்த்திலிருந்து தடுப்பூசி வரவழைக்கலாமா?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வுபெற்றபின், சேமநிதிப் பணத்தில் ஆடு வாங்கி நிபோங் தெபால் பக்கம் வளர்த்து வருகிறேன். இப்போது நாற்பது உருப்படி இருக்கிறது. பெரும்பாலும் போயர் கலப்பு, சில நாட்டு இனமான கச்சாங். காலையில் அவிழ்த்துவிட்டால் செம்பனைத் தோட்டத்து ஓரமாக மேயும். இரவில் பரண் கொட்டகை. போன மழையில் ஆறு குட்டிகளும் ஒரு தாய் ஆடும் செத்துவிட்டன. கழிச்சல் இல்லை. தாடைக்குக் கீழே நீர் கோத்து வீங்கியது, கண் வெளுத்தது, இரண்டு மூன்று நாளில் படுத்துவிட்டன. மாதம் தவறாமல் எல்லா ஆட்டுக்கும் ஒரே புழு மருந்தைப் புகட்டி வருகிறேன். முன்பு கேட்டது, இப்போது கேட்கவில்லை. ஆஸ்திரேலியாவில் இந்தப் புழுவுக்குத் தடுப்பூசி வந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி பார்த்தேன். என் தங்கை மகன் பெர்த்தில் இருக்கிறான். தீபாவளிக்கு வரும்போது ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவரச் சொல்லலாமா? கோவிட்டுக்கு ஓராண்டில் ஊசி கண்டுபிடித்தார்கள். காலங்காலமாக இருக்கும் ஆட்டுப் புழுவுக்கு ஏன் இன்னும் இங்கே ஊசி இல்லை?
— ஒரு வாசகர், நிபோங் தெபால், பினாங்கு, மலேசியா

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் தங்கை மகனைக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். கால்நடைத் தடுப்பூசியை அனுமதியில்லாமல் நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம். விமான நிலையத்தில் அவர்தான் மாட்டிக்கொள்வார். சட்டத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும், அந்த ஊசி உங்கள் நாற்பது ஆட்டைக் காப்பாற்றாது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அது புரிந்துவிட்டால், ஊசி இல்லாமலே நீங்கள் செய்யக்கூடியது என்ன என்பதும் விளங்கிவிடும்.

காணொளியில் வந்த செய்தி பொய்யில்லை. பார்பர்வாக்ஸ் என்ற அந்தத் தடுப்பூசி 2014-இல் ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கு வந்தது. ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகருக்கு அருகே உள்ள மோரிடன் ஆய்வு நிலையமும் மேற்கு ஆஸ்திரேலிய வேளாண் துறையும் சேர்ந்து கொண்டுவந்த மருந்து அது. தயாராகும் இடம்கூட உங்கள் தங்கை மகன் இருக்கும் மாநிலத்தில்தான்: பெர்த்துக்குத் தெற்கே ஆல்பனி என்ற ஊர். ஆடுமாடுகளின் குடலிலும் வயிற்றிலும் வாழும் உருளைப்புழுக்களுக்கு எதிராக உலகில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த தடுப்பூசி அதுவே. அதற்குப் பின்னால் பல பத்தாண்டு உழைப்பு இருக்கிறது. நானும் அதை மிகுந்த மரியாதையோடுதான் பார்க்கிறேன்.

முதலில் உங்கள் ஆடுகளுக்கு வந்தது என்ன என்று பார்ப்போம். கழிச்சல் இல்லாமல் கண் வெளுத்து, தாடையில் நீர் கோத்து, குட்டிகள் மளமளவென்று சாய்ந்தன என்றால் என் சந்தேகம் முதலில் ஹீமாங்கஸ் என்ற புழுவின்மேல்தான் போகும். ஆட்டின் நான்காம் வயிற்றில் வாழும் இரத்தம் உறிஞ்சிப் புழு அது. பெண் புழு ஓர் அங்குல நீளம்கூட வரும். இரத்தம் நிறைந்த சிவப்புக் குடலும் வெள்ளைக் கருப்பையும் கயிறு முறுக்கியதுபோல் பின்னிக் கிடப்பதால், செத்த ஆட்டின் வயிற்றைத் திறந்தால் வெறுங்கண்ணுக்கே தெரியும். ஒரு புழு நாளொன்றுக்குச் சுமார் 0.05 மில்லி இரத்தம் குடிக்கிறது. கேட்பதற்கு ஒன்றுமில்லாத அளவு. ஆனால் ஒரு குட்டியின் வயிற்றில் ஆயிரம் புழு இருப்பது அரிதல்ல. ஆயிரம் புழுவென்றால் நாளுக்கு 50 மில்லி. பத்துக் கிலோ குட்டியின் உடம்பில் ஓடும் மொத்த இரத்தமே ஏறக்குறைய 700 மில்லிதான். அது எத்தனை நாள் தாங்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரத்தத்தில் உள்ள புரதமும் சேர்ந்து போய்விடுவதால்தான் தாடையில் நீர் கோக்கிறது.

ஒரு பெண் புழு நாளுக்கு ஐயாயிரம் முதல் பத்தாயிரம் முட்டை வரை இடும். முட்டைகள் புழுக்கையோடு தரையில் விழுகின்றன. நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் நான்கு முதல் ஏழு நாளுக்குள் அவை பொரிந்து, வளர்ந்து, அடுத்த ஆட்டைத் தொற்றக்கூடிய இளம்புழுக்களாகிவிடுகின்றன. புல்லின்மேல் படிந்திருக்கும் ஈரத்தில் அவை ஏறுகின்றன. ஆடு புல்லோடு சேர்த்து மேய்கிறது. மூன்று வாரத்தில் அதே ஆடு புதிதாக முட்டை போடத் தொடங்குகிறது. பினாங்கில் இந்தச் சக்கரம் நிற்பதே இல்லை. செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான மழையில் வேகம் கூடும், ஜனவரி, பிப்ரவரியில் கொஞ்சம் தளரும், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. கோவிட் கிருமி மிகச் சிறியது. அதன் மரபுப் பொருளில் மொத்தம் ஏறக்குறைய முப்பதாயிரம் எழுத்துகள், முப்பதுக்கும் குறைவான புரதங்கள். அதிலும் குறிவைக்க வேண்டிய இடம் வெளியே துருத்திக்கொண்டிருந்த ஒரே ஒரு முள் புரதம். ஹீமாங்கஸ் அப்படிப்பட்டதல்ல. குடல், நரம்பு, தசை, தோல் எல்லாம் உள்ள ஒரு விலங்கு அது. ஏறத்தாழ இருபதாயிரம் மரபணுக்கள் அதற்கு உண்டு. அந்த இருபதாயிரத்தில் எதைத் தாக்கினால் புழு வீழும் என்பதைத் தேடிக் கண்டுபிடிக்கவே ஒருவருடைய ஆராய்ச்சி வாழ்க்கை முழுவதும் போய்விடும். மேலும், புழு ஆட்டைக் கொல்வதற்காக வந்ததல்ல. ஆட்டோடு சேர்ந்து நீண்ட காலம் வாழ்வதற்காக வந்தது. ஆட்டின் நோய் எதிர்ப்பாற்றலைத் தணித்துவைக்கும் பொருள்களைத் தானே சுரக்கிறது. இயற்கையாகப் புழுத் தொற்று வந்தாலே ஆடு பலமான எதிர்ப்பைப் பெறாதபோது, அதைவிட மேலான எதிர்ப்பை ஊசியால் உண்டாக்குவது எவ்வளவு பெரிய காரியம் என்று எண்ணிப் பாருங்கள்.

இருந்தாலும் முயன்றவர்கள் உண்டு. 1950-களில் கிளாஸ்கோ கால்நடை மருத்துவப் பள்ளியில், மாட்டின் நுரையீரல் புழுவுடைய இளம்புழுக்களை எக்ஸ் கதிரால் வலுவிழக்கச் செய்து கன்றுகளுக்கு வாய்வழியே கொடுத்தார்கள். அந்தப் புழுக்கள் உடம்புக்குள் கொஞ்ச தூரம் பயணம் செய்து, உடலை எச்சரித்துவிட்டு, முழுதாக வளர முடியாமல் செத்துப்போயின. கன்றுகள் பிழைத்தன. 1959-இல் அது விற்பனைக்கு வந்தது. நான்கு வாரம் இடைவிட்டு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஆயிரம் இளம்புழுக்கள். இன்றளவும் ஐரோப்பாவில் பயன்பாட்டில் உள்ள முறை அது. ஒரு புழுவில் வெற்றி பெற்றதும் எல்லாப் புழுவிலும் அதையே செய்துவிடலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. ஹீமாங்கஸிலும் செய்து பார்த்தார்கள். வளர்ந்த செம்மறிகளில் பலன் தெரிந்தது; குட்டிகளில் தெரியவில்லை. சாவது குட்டிகள்தான் என்னும்போது பெரிய ஆட்டுக்கு மட்டும் பலிக்கிற ஊசியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்த வழி அங்கேயே நின்றுபோனது.

நாடாப்புழு பக்கம் போனவர்களுக்கு இதைவிட நல்ல பலன் கிடைத்தது. 1989-இல் செம்மறியின் தசையில் கட்டியாக வளரும் ஒரு நாடாப்புழுவுக்கு எதிராக, ஆய்வகத்தில் மரபணு மாற்று முறையில் செய்த ஒற்றைப் புரதமே போதும் என்று ஆஸ்திரேலிய, நியூசிலாந்து அறிஞர்கள் காட்டினார்கள். அதே பாதையில் வந்ததுதான் பன்றியின் நாடாப்புழுக் கட்டிக்கான தடுப்பூசி. அதை ஹைதராபாத்தில் ஒரு நிறுவனம் தயாரிக்கிறது. முட்டையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த நுண்ணிய நாடாப்புழுக் கரு, குடலைத் துளைத்து இரத்தத்தில் கலந்து தசைக்குப் போகிறது. போகும் வழியெல்லாம் இரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் பொருள் அதைப் பிடித்துவிடலாம். வயிற்றுச் சுவரை ஒட்டிக்கொண்டு வாழும் வளர்ந்த உருளைப்புழுவை அப்படிப் பிடிக்க முடியாது. அதனால்தான், "நாடாப்புழுவுக்கு முடிந்தது இதற்கு ஏன் முடியவில்லை" என்று கேட்பவர்களிடம், இரண்டும் வேறு வேறு எதிரிகள் என்று சொல்கிறேன்.

மோரிடன் அறிஞர்கள் தேர்ந்தெடுத்த வழி என்னை இன்றும் வியக்கவைக்கிறது. வயிற்றில் இருக்கும் புழுவை இரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் பொருள் தேடிப்போக முடியாது என்பது உண்மை. ஆனால் இந்தப் புழு இரத்தத்தைத் தானே குடிக்கிறதே! அப்படியானால் எதிர்ப்புப் பொருளையும் சேர்த்துத்தான் குடிக்கும். ஆகவே அவர்கள் புழுவின் வெளித்தோலை விட்டுவிட்டு, அதன் குடலின் உட்சுவரில் உள்ள செரிமானப் புரதங்களைக் குறிவைத்தார்கள். அந்தப் புரதங்களை ஊசியாகப் போட்ட ஆட்டின் இரத்தத்தில் அவற்றுக்கு எதிரான பொருள் உருவாகிறது. புழு இரத்தம் குடிக்கும்போது அது உள்ளே போய்க் குடல் சுவரைப் பற்றிக்கொள்கிறது. குடித்தது செரிக்காமல் புழு நலிகிறது, முட்டையிடுவது குறைகிறது, பிறகு உதிர்ந்துபோகிறது. ஒரு ஊசியில் இருக்கும் புரதம் ஐந்தே மைக்ரோகிராம். மருந்திலிருந்து தப்பிக்கப் பழகிவிட்ட புழுவையும் இந்த வழி விடாது. மருந்தோடு இதற்கு எந்தத் தொடர்பும் இல்லை.

இதில் மூன்று சிக்கல்கள் இருக்கின்றன. மூன்றும் உங்கள் கொட்டகையை நேரடியாகத் தொடுகின்றன.

புழுவின் குடல் உட்சுவரை ஆட்டின் உடம்பு இயற்கையில் ஒருபோதும் சந்திப்பதில்லை. அதனால்தான் அந்தப் புரதத்தைத் தாக்கினால் தப்பிக்கும் தந்திரம் எதையும் புழு வைத்திருக்கவில்லை. அதே காரணத்தால், வயலில் மேயும்போது வரும் புதுத் தொற்று ஊசியின் பலனைப் புதுப்பிக்கவும் முடியாது. உடம்பு மறந்துகொண்டே வரும். நாம்தான் நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தொடக்கத்தில் மூன்று ஊசி, அதன்பின் ஆறு வாரத்துக்கு ஒன்று. ஆஸ்திரேலியாவில் புழுக் காலம் ஆண்டின் ஒரு பகுதிதான். முதல் பருவத்தில் ஐந்து ஊசியோடு நிறுத்திக்கொள்ளலாம். நிபோங் தெபாலில் எப்போது நிறுத்துவீர்கள்? ஆறு வாரத்துக்கு ஒன்று என்றால் ஆண்டுக்கு எட்டு, ஒன்பது முறை, ஆடு உயிரோடு இருக்கும்வரை.

அடுத்தது, அந்த ஊசி பதிவு பெற்றிருப்பது செம்மறிகளுக்கு. வெள்ளாட்டின் உடம்பு வேறு. மரத்தழை மேய்ந்து வளர்ந்த இனம் என்பதால், தரையில் புல் மேயும் செம்மறி அளவுக்கு வயிற்றுப் புழுவை எதிர்க்க அது பழகவில்லை. உங்கள் மந்தையில் பெரும்பகுதியான போயர், வெள்ளாடுகளுக்குள்ளேயே புழுவுக்கு எளிதில் ஆளாகும் இனம். செம்மறியில் கிடைத்த பலனை அதில் அப்படியே எதிர்பார்க்க எனக்குத் துணிவில்லை.

மூன்றாவது சிக்கலில்தான் உலகமே முட்டிக்கொண்டு நிற்கிறது. இந்தப் புரதங்களை ஆலையில் செய்ய முடியவில்லை. ஆட்டுக்குப் புழுவை ஏற்றி, வளரவிட்டு, அந்த ஆட்டை அறுத்து, வயிற்றிலிருந்து புழுக்களை எடுத்துத்தான் புரதத்தைப் பிரிக்கிறார்கள். பாக்டீரியாவிலும் பூச்சி அணுக்களிலும் அதே புரதத்தைச் செய்து பார்த்தார்கள்; எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தும் ஆடுகளைக் காக்கவில்லை. புரதம் மடிந்திருக்கும் விதமும் அதன்மேல் புழு ஒட்டிவைக்கும் சர்க்கரைத் துணுக்குகளும் மாறிப்போவதே காரணம் என்று கருதப்படுகிறது. கோவிட்டுக்குச் செய்ததுபோல் செய்முறைக் குறிப்பை மட்டும் உடம்புக்குள் அனுப்பினாலும், புரதத்தைச் செய்யப்போவது ஆட்டின் அணுக்கள்தானே. புழுவின் சர்க்கரையை அவை எங்கிருந்து கொண்டுவரும்? செம்மறியின் இன்னொரு வயிற்றுப் புழுவுக்கு எட்டுப் புரதங்களைச் சேர்த்து ஒரு கலவையை மோரிடனில் ஆய்வகத்திலேயே செய்தார்கள். சோதனைகளில் முட்டை எண்ணிக்கை குறைந்தது. அந்தப் பாதை திறக்கும் என்றே நான் நம்புகிறேன். ஆனால் உங்கள் அடுத்த மழைக்கு அது வந்து சேராது.

இவ்வளவு நேரம் ஊசியைப் பற்றிப் பேசியதற்குக் காரணம் உண்டு. அது ஆட்டின் வயிற்றைச் சுத்தமாகத் துடைத்துவிடுவதில்லை. நன்றாகப் பலித்த மந்தையில் புழு முட்டைகள் முக்கால் பங்குக்கு மேல் குறைகின்றன. முட்டை குறைந்தால் புல்லில் இளம்புழு குறைகிறது. புல்லில் குறைந்தால் குட்டிகளின் வாய்க்குள் போவது குறைகிறது. ஊசி காப்பாற்றுவது பெரும்பாலும் இந்தச் சுற்று வழியில்தான். அதாவது வேலை நடப்பது புல்வெளியில். அந்தப் புல்வெளி உங்கள் கையில் இருக்கிறது, ஐயா.

1990-களில் டோங்கா தீவில் வெள்ளாடுகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. நம்மைப்போலவே வெப்பமும் மழையும் உள்ள தீவு. மேய்ச்சல் நிலத்தைப் பத்துப் பகுதியாக வேலியிட்டுப் பிரித்தார்கள். ஒவ்வொரு பகுதியிலும் மூன்றரை நாள் மட்டுமே மேயவிட்டார்கள். இன்று விழுந்த முட்டை தொற்றும் பருவத்தை எட்டுவதற்குள் மந்தை அடுத்த பகுதிக்குப் போய்விடும். முதல் பகுதிக்குத் திரும்ப முப்பத்தைந்து நாள் ஆகும். வெப்ப நாட்டில் இளம்புழுக்கள் சுறுசுறுப்பாக அலைந்து, சேர்த்துவைத்த சக்தியைச் சீக்கிரமே செலவழித்துவிடுகின்றன. அத்தனை நாள் தாக்குப்பிடிப்பவை மிகச் சில. குளிர் நாட்டுக்காரர்களுக்கு இந்த வசதி இல்லை. டோங்கா மந்தையில் மருந்தின் தேவை பெரிதும் குறைந்தது. எனக்குத் தெரிந்தவற்றில் நம் தட்பவெப்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறை வேறு இல்லை. பத்துப் பகுதி முடியாவிட்டால், செம்பனை வரிசைகளையே எல்லையாக வைத்து, இன்று எந்த வரிசை, நாளை மறுநாள் எந்த வரிசை என்று நகர்த்திக்கொண்டு போங்கள். தோட்டத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று நாளைக்கு மேல் ஒரே இடத்தில் நிற்காமலும், ஐந்து வாரத்துக்குள் அதே இடத்துக்குத் திரும்பாமலும் இருந்தால் போதும்.

காலையில் அவிழ்த்துவிடும் நேரத்தையும் மாற்றுங்கள். பனி காய்ந்து புல் உலர்ந்தபின் விடுங்கள். இளம்புழுக்கள் பெரும்பாலும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள்தான் இருக்கும். புல் கட்டையாகிவிட்ட இடத்தில் ஆட்டை விடுவது புழுவைத் தட்டில் வைத்து ஊட்டுவது போலத்தான். கொட்டகையில் தழை கட்டித் தொங்கவிடுங்கள். பலா இலை, கிளிரிசிடியா, வாடவைத்த மரவள்ளி இலை எல்லாம் நல்லவை. மரவள்ளியைப் பச்சையாக நிறையக் கொடுக்க வேண்டாம், அதில் நஞ்சு உண்டு. வேப்பிலை பற்றியும் பலர் கேட்கிறார்கள். தீனியாகக் கொடுப்பதில் தவறில்லை. புழு மருந்துக்குப் பதிலாக அதை நம்பி ஒரு குட்டியைக்கூட விட்டுவைக்காதீர்கள்.

இன்னொன்று, பரணுக்குக் கீழே சேரும் புழுக்கையை வாரி நேராக நேப்பியர் புல்லுக்குப் போடும் வழக்கம் நம் பண்ணைகளில் பரவலாக இருக்கிறது. அது புழுவை விதைப்பதற்குச் சமம். குவித்து மூடி, சூடேறி மக்கியபின் போடுங்கள். அந்தச் சூடே முட்டைகளை அழித்துவிடும்.

இனி மருந்து. மாதாமாதம் எல்லா ஆட்டுக்கும் ஒரே மருந்து என்று எழுதியிருக்கிறீர்கள். அக்கறையினால்தான் செய்தீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அக்கறைதான் மருந்துக்கு அடங்காத புழுக்களை மட்டும் பொறுக்கியெடுத்து வளர்த்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் மருந்துக்குச் சாகிற புழு சாகும். சாகாதது மட்டும் முட்டையிடும். இது உங்கள் பண்ணையில் மட்டும் நடப்பதன்று. முதல் நவீனப் புழு மருந்து 1961-இல் வந்தது. மூன்றே ஆண்டில், 1964-இல், அதற்கு அடங்காத ஹீமாங்கஸ் அமெரிக்காவில் பதிவானது. நோபல் பரிசு பெற்றுத்தந்த ஐவர்மெக்டினுக்கும் அதே கதிதான். நம் நாட்டில் சபா மாநில அரசுப் பண்ணைகளில் சோதித்த மருந்து எதுவுமே கேட்கவில்லை என்ற ஆய்வு 2004-இல் வெளியாகிவிட்டது. புது மருந்துகள் அடிக்கடி வருவதில்லை. உங்கள் மந்தையில் இன்னும் வேலை செய்யும் மருந்து ஒன்றாவது மிஞ்சியிருந்தால், அதைப் பொன்போலக் காக்க வேண்டும்.

அதற்கு, எல்லா ஆட்டுக்கும் கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். ஒரு மந்தையில் உள்ள புழுக்களில் பெரும்பகுதி சில ஆடுகளின் வயிற்றில்தான் இருக்கும். அந்தச் சிலவற்றைக் கண்டுபிடிக்கத் தென்னாப்பிரிக்காவில் ஒரு வண்ண அட்டையை உருவாக்கினார்கள். ஃபமாச்சா என்று பெயர். கீழ் இமையைப் பிதுக்கி, உள்ளே தெரியும் சிவப்பை அட்டையின் ஐந்து நிறங்களோடு ஒப்பிட வேண்டும். ஒன்றும் இரண்டும் நல்ல சிவப்பு. அந்த ஆட்டுக்கு மருந்து வேண்டாம். நான்கும் ஐந்தும் வெளுப்பு; உடனே கொடுக்க வேண்டும். மூன்றில் நிற்பது குட்டியாகவோ சினை ஆடாகவோ இருந்தால் அதற்கும் கொடுப்பதே என் வழக்கம். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். குட்டி ஈனும் சமயத்தில் தாய் ஆடுகள் போடும் முட்டை திடீரென்று கூடும். அவற்றைத் தவறாமல் பாருங்கள். மருந்து கொடுக்காமல் விட்ட ஆடுகளின் வயிற்றில் மருந்துக்கு அடங்கும் புழுக்கள் பிழைத்திருக்கும். அவை அடங்காத புழுக்களோடு கலப்பது நமக்கு நன்மை. ஒரே ஆடு திரும்பத் திரும்ப வெளுத்துப்போனால் அதை இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். எப்போதும் சிவந்தே இருக்கும் தாயின் குட்டிகளை விற்காமல் நிறுத்துங்கள். அது கச்சாங் தாயாக இருந்தால் உருவம் சிறிது என்று ஒதுக்கிவிடாதீர்கள். கண் வெளுப்பதற்கு ஈரல் புழு, பேன் போன்ற வேறு காரணங்களும் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

அளவு பற்றி ஓர் எச்சரிக்கை. வெள்ளாட்டின் உடம்பு பல புழு மருந்துகளைச் செம்மறியைவிட வேகமாக வெளியேற்றிவிடும். புட்டியில் செம்மறிக்கென்று போட்ட அளவை, அதுவும் எடையைக் கண்ணால் மதித்துக் கொடுத்தால், புழுவுக்குப் பயிற்சி கொடுத்தது போலாகிவிடும். அதற்காக நீங்களே அளவைக் கூட்டிவிடாதீர்கள். லெவாமிசோல் போன்ற மருந்தில் பலிக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி குறைவு. ஆல்பெண்டசோலைச் சினையின் முதல் மாதத்தில் கொடுக்கவே கூடாது. ஆட்டை நிறுத்து, எடையை எழுதிக்கொண்டு, கால்நடை மருத்துவர் சொல்லும் அளவைக் கொடுங்கள். தீபாவளிக்கோ ஹஜ்ஜுப் பெருநாளுக்கோ விற்கும் ஆடாக இருந்தால், மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

செம்புக் கம்பித் துகள் அடைத்த மாத்திரை ஹீமாங்கஸுக்கு நன்றாக வேலை செய்யும் என்று யாராவது சொல்வார்கள். அது உண்மை. ஆனால் நம் ஊரில் தீனியோடு சேர்க்கும் செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கில் ஏற்கெனவே செம்பு அதிகம். அதைத் தின்று செம்பு நஞ்சேறிச் செத்த செம்மறிகள் இந்த நாட்டில் உண்டு. வெள்ளாடு கொஞ்சம் தாங்கும் என்றாலும், நீங்கள் புண்ணாக்கு கொடுப்பவராக இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் அந்த மாத்திரையைத் தொட வேண்டாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. எந்த மருந்து உங்கள் மந்தையில் இன்னும் கேட்கிறது என்று தெரியாமல் கடையில் அடுத்த புட்டியை வாங்காதீர்கள். பத்துப் பதினைந்து ஆடுகளின் புழுக்கையைத் தனித்தனியாக எடுத்து முட்டை எண்ணச் சொல்ல வேண்டும். பிறகு மருந்து கொடுத்து, பத்து முதல் பதினான்கு நாளுக்குள் அதே ஆடுகளின் புழுக்கையை மறுபடியும் எண்ண வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து குறையவில்லை என்றால் அந்த மருந்துக்குப் புழு பழகிவிட்டது என்று பொருள். உங்களுக்குப் பக்கத்தில் புக்கிட் தெங்காவில் கால்நடை சேவைத் துறையின் ஆய்வகம் இருக்கிறது; ஈப்போவில் உள்ள கால்நடை ஆராய்ச்சிக் கழகத்திலும் குடற்புழுக்களுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. முதலில் உங்கள் மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, எந்த நாளில் மாதிரியைக் கொண்டுவரலாம் என்று கேளுங்கள்.

தரையில் கிடக்கும் புழுக்கையை எடுக்கக் கூடாது. கையுறை போட்டு ஆட்டின் ஆசனவாயிலிருந்தே எடுக்க வேண்டும். ஓர் ஆட்டுக்கு ஒரு சிறு பிளாஸ்டிக் பை. காற்றை வெளியே அழுத்திவிட்டு இறுகக் கட்டி, ஆட்டின் எண்ணையும் தேதியையும் எழுதுங்கள். ஐஸ் கட்டி போட்ட பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். வெயிலில் வண்டிக்குள் விட்டுவிட்டால் முட்டைகள் வழியிலேயே பொரிந்து, கணக்குத் தவறிவிடும். இதுவரை கொடுத்துவந்த மருந்தின் காலிப் புட்டியையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.